இருநூறு ரூபாச் சரக்கும் இருநூறு பேர் குழுவும்

எமது வர்த்தகர்களிடம் ஒரு பழைய எண்ணம் உண்டு. கையால் தொட்டுப் பார்க்க முடியாதது சரக்கல்ல என்பதே அது. புடவை என்றால் விரல்களுக்கிடையில் நெருடிப் பார்க்க வேண்டும். அரிசி என்றால் உள்ளங்கையில் கொட்டிப் பார்க்க வேண்டும். மாணிக்கக் கல் என்றால் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். இவை எதற்கும் வழியில்லாத, கைத்தொலைபேசிக்குள் மாத்திரமே கிடக்கின்ற ஒன்றை 150 ரூபாவுக்கும் 250 ரூபாவுக்கும் விற்கிறார்கள் என்று சொன்னால் புறக்கோட்டையில் பலர் சிரிக்கின்றார்கள். "மகன், வெத்திலைக்கும் காணாத காசுக்கு என்ன யாவாரம்?" என்று ஒரு ஹாஜியார் தனது மருமகனிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கின்றது. அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதியைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியுள்ளது. ஏனெனில் எமது பிள்ளைகள் எம்மிடம் கேட்டுக்கொண்டா இதில் இறங்குகிறார்கள்? ஏற்கனவே இறங்கிவிட்டார்கள்.

முதலில் சரக்கு எதுவென்று பார்ப்போம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓர் ஆசிரியர் தயாரித்த பயிற்சித் தாள்கள். சின்னப் பிள்ளைகள் அரபு எழுத்துக்கு நிறம் தீட்டிப் பழகும் பக்கங்கள். அபாயா வெட்டுவதற்கான அளவு வரைபடம். போனிலேயே அனுப்பக்கூடிய கலியாண அழைப்பிதழ். கேக் அடிப்பதற்கான குறிப்புகள். வேலைக்கு விண்ணப்பிக்கும் சுயவிபரக் கோவை மாதிரி. சில்லறைக் கடைக்காரர் கடன் கொப்பிக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய எக்செல் கணக்குத் தாள். இவையெல்லாம் 100 ரூபாவிலிருந்து 500 ரூபாவுக்குள் வட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக் குழுக்களிலும் டெலிகிராமிலும் கைமாறுகின்றன. இதற்குக் கடை இல்லை, பலகை இல்லை, தராசு இல்லை. பணம் வந்ததும் கோப்பு போகின்றது. அவ்வளவுதான்.

இதில் வியாபாரக் கணக்கு எங்கே இருக்கின்றது என்பதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்க்க வேண்டும். 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பத்திரிகைகள் சில தமது சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அந்த நாட்களில் பயிற்சிப் புத்தகம் அச்சிட்டு விற்றவர்கள் பட்ட பாட்டை அச்சகம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அச்சுப் புத்தகத்தில் ஆயிரம் பிரதிக்கும் ஆயிரம் மடங்கு கடதாசி வேண்டும். கோப்பில் அப்படியில்லை. முதற் பிரதியைத் தயாரிக்கத்தான் முழுச் செலவும். இரண்டாவது பிரதிக்கும் இரண்டாயிரமாவது பிரதிக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. விற்காமல் தேங்கிய சரக்கு என்ற பேச்சுக்கும் இங்கு இடமில்லை. பெருநாளைக்கு என்று எடுத்த சரக்கு பெருநாள் முடிந்தும் தட்டில் கிடப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால் அதே சௌகரியம் வாங்கியவருக்கும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. விற்றவருக்குச் செலவில்லாமல் பிரதி வருவது போலவே வாங்கியவருக்கும் வரும். ஒரு விரலால் தட்டினால் அடுத்த குழுவுக்குப் போய்விடும். ஆகவே 200 பேர் உள்ள ஒரு குழுவில் 200 பேரும் வாங்குவார்கள் என்று கணக்குப் போடுகிறவர் வியாபாரம் அறியாதவர். பத்துப் பேர் வாங்கினால் அது நல்ல விற்பனை. ஒரு பேச்சுக்கு, 250 ரூபாத் தாளை மாதம் 40 பேர் வாங்குகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபா. இதில் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு, கடையில் மாலை வரை நின்றுவிட்டு வரும் ஓர் இளைஞனுக்கு, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியருக்கு அது மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் ஆகும். கடையை மூடிவிட்டு இதில் இறங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நாம் கடையில் ரீலோட் போடுகின்றோமே, அதில் நூறு ரூபாவுக்கு என்ன மிஞ்சுகின்றது? சில ரூபாய்கள். ஆனாலும் எந்தக் கடைக்காரரும் ரீலோட்டை நிறுத்துவதில்லை. ரீலோட் போட வந்தவர் ஒரு பிஸ்கட் பக்கட்டும் வாங்கிக்கொண்டு போவார் என்பது அவருக்குத் தெரியும். தையல் சாமான் விற்கும் ஒருவர் அபாயா வெட்டும் வரைபடத்தை 200 ரூபாவுக்குக் கொடுப்பதும் அப்படித்தான். வரைபடம் வாங்கியவருக்கு நூலும் லேசும் துணியும் வேண்டும்.

இனி சந்தை பற்றி. இந்தச் சரக்குக்குச் சந்தை குழுதான். வட்ஸ்அப் குழுவொன்றில் நெடுநாளாக 256 பேர்தான் சேரலாம் என்றிருந்தது. 2022 இல் அது முதலில் 512 ஆகவும் பின்னர் 1024 ஆகவும் கூட்டப்பட்டது. டெலிகிராமில் இரண்டு இலட்சம் பேர் வரை சேரலாம். இதைக் கேட்டவுடன் எமது இளைஞர்கள் எண்ணிக்கையின் பின்னால் ஓடுகின்றார்கள். "நாநா, எங்கட குரூப்பில இருபதாயிரம் பேர் இருக்காங்க" என்கிறார்கள். இருக்கட்டும். இருபதாயிரம் பேருக்கும் உங்களை யாரென்று தெரியுமா? 250 ரூபாப் பொருளை வாங்குகிறவர் அதை ஆராய்ந்து பார்த்து வாங்குவதில்லை. ஆராய்வதற்கு அந்தத் தொகை போதாது. விற்கிறவர் இன்னாரின் மகன், இன்ன பாடசாலையில் படிப்பித்தவர், ஏமாற்றமாட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வாங்குகின்றார். அந்த அறிமுகம் ஓர் ஊரில், ஒரு பாடசாலையில், ஒரு தொழிலில் உள்ள 200 பேர் குழுவில் இருக்கும். முகம் தெரியாத பெருங்கூட்டத்தில் இருக்காது. மருதமுனை நெசவுக்காரர் ஒருவருக்கு நெசவுத் தொழில் செய்யும் நூறு பேர் உள்ள குழு, நாடு முழுவதிலுமிருந்து வந்த பத்தாயிரம் பேர் உள்ள குழுவை விடப் பெறுமதியானது என்பதே என் அபிப்பிராயம்.

இங்கேதான் நான் சற்றுக் கடுமையாக எழுத வேண்டியிருக்கின்றது. அறிமுகம் உள்ள குழு எது? பள்ளிவாசல் ஜமாஅத் குழு, ஜனாஸா அறிவித்தல் குழு, பழைய மாணவர் குழு, பெற்றோர் குழு. ஆகவே எல்லோரும் சரக்கை அங்கே கொண்டுவந்து இறக்குகின்றார்கள். ஒரு மையித்தின் நல்லடக்க நேரம் அறிவிக்கப்பட்ட அடுத்த நிமிடம், அதற்குக் கீழேயே "இன்று மட்டும் விசேட கழிவு" என்று ஒரு விளம்பரம் விழுகின்றது. இதைப் பார்த்து வெட்கப்படாதவர்கள் எம்மில் இருக்க முடியாது. மக்கள் ஒரு காரணத்துக்காகக் கூடிய இடத்தில் வேறொரு காரணத்துக்காகக் கூவி விற்பது, வீட்டுக்கு வந்த விருந்தாளி தன் பெட்டியைத் திறந்து சாமான் காட்டுவதைப் போன்றது. ஒரு முறை பொறுப்பார்கள். மறுமுறை கதவைத் திறக்கமாட்டார்கள். அதிலும் பெரிய நட்டம் என்னவென்றால், தொல்லை தாங்காமல் ஆட்கள் குழுவை விட்டு விலகுகின்றார்கள், அல்லது சத்தத்தை அடைத்து வைக்கின்றார்கள். பிறகு ஜனாஸாச் செய்தியும் அவர்களுக்குப் போவதில்லை. பள்ளி நிர்வாகங்கள் இந்தக் குழுக்களில் அட்மின் மாத்திரமே செய்தி இடும்படி பூட்டி வைப்பது ஒன்றும் பெரிய வேலையல்ல. இரண்டு தட்டலில் முடியும்.

விற்க விரும்புகிறவர் தனக்கென்று ஒரு குழுவைத் தொடங்கி, விரும்பியவர்களைத் தாமாகவே வந்து சேரும்படி இணைப்பைக் கொடுக்க வேண்டும். கேட்காமல் பிடித்துச் சேர்க்கக் கூடாது. இதில் பெண்களின் விடயம் முக்கியமானது. சாதாரணக் குழுவொன்றில் ஒருவரைச் சேர்த்தால் அவருடைய இலக்கம் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரியும். எத்தனை வீடுகளில் இதனால் மனக்கசப்பு வந்திருக்கின்றது என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 2023 இல் வட்ஸ்அப்பில் வந்த 'சனல்' முறையில் ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. பெண்கள் கூடுதலாக வாங்கும் தையல், சமையல், பிள்ளைகளின் பயிற்சித் தாள் போன்றவற்றுக்கு அது பொருத்தமானது. மேலும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்றொன்று இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தை அவர் எதற்காகத் தந்தாரோ அதற்கே பாவிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இலக்கப் பட்டியலை இன்னொருவருக்குக் கைமாற்றுவது முன்னர் ஒரு நட்புக் காரியமாக இருந்தது. இனி அப்படி நினைக்கக் கூடாது.

சரக்கின் விடயத்துக்கு மீண்டும் வருவோம். எமது குழுக்களில் மலிவாக விற்கப்படும் கோப்புகளில் கணிசமானவை விற்கிறவருக்குச் சொந்தமானவையல்ல. யாரோ ஓர் ஆசிரியர் இரவு பகலாக இருந்து எழுதிய டியூட்டைப் படம் பிடித்துப் பீடிஎஃப் ஆக்கி 100 ரூபாவுக்கு விற்கின்றார்கள். பூட்டுடைத்த மென்பொருளை விற்கின்றார்கள். "ஐயாயிரம் புத்தகங்கள், 500 ரூபா" என்று ஒரு லிங்கை விற்கின்றார்கள். அதைவிட மோசமானது என்னவென்றால், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்துள்ள பாடப்புத்தகங்களையே சிலர் பணத்துக்கு விற்கின்றார்கள். விபரம் அறியாத தாய்மார் வாங்குகின்றார்கள். அரசாங்கம் சும்மா கொடுக்கும் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்பதற்காவது போத்தலின் விலை என்று ஒன்று உண்டு. இதில் போத்தலும் இல்லை.

ஒருவர் தன் கடையில் தராசைத் தினமும் துடைத்து வைக்கின்றார். நிறுவையில் ஒரு கிராம் குறைந்தாலும் நாளை பதில் சொல்ல வேண்டும் என்று பயப்படுகின்றார். அடுத்தவரின் புடவைப் பேலைத் தூக்கி வந்து தன் கடையில் வைத்து விற்க அவருக்கு மனம் வராது. ஆனால் அதே மனிதர் இன்னொருவர் எழுதிய புத்தகத்தின் கோப்பை விற்கும்போது அது திருட்டு என்று அவருக்குத் தோன்றுவதில்லை. கையால் தொட முடியாதது சரக்கல்ல என்ற அந்தப் பழைய எண்ணத்தின் மறுபக்கம் இது. சரக்கல்ல என்றால் களவும் அல்ல என்று மனம் சொல்லிக்கொள்கின்றது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் எழுதியவரின் உரிமை அவர் வாழும் காலத்திலும் அவருக்குப் பின் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகின்றது. கணனி மென்பொருளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமையும் வர்த்தகப் பெயரும் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றின் மீது அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. எமது கடைத் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

நான் இதைச் சொல்லும்போது, "அப்படியென்றால் எங்களிடம் விற்க என்ன இருக்கிறது? நாங்கள் எழுத்தாளர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எழுதத் தெரிந்தவரிடம் வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளர் உள்ளவரிடம் எழுத்து இல்லை. இருவரும் கூட்டுச் சேர்வதற்குத் தடையென்ன? ஒருவரின் முதலும் மற்றவரின் உழைப்பும் சேர்ந்து இலாபத்தை முன்கூட்டியே பேசிய வீதப்படி பகிர்வது எமக்குப் புதிதல்ல. எமது மூத்தவர்கள் அப்படித்தான் கடைகளைக் கட்டியெழுப்பினார்கள். இங்கே ஆசிரியரின் உழைப்பு முதலாக வருகின்றது, கடைக்காரரின் அறிமுகம் விற்பனையாக வருகின்றது. 250 ரூபாவில் ஆசிரியருக்கு 150, விற்பவருக்கு 100 என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்துக்கொண்டால் போதும். மாத முடிவில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை வங்கிக் கணக்கே காட்டிக்கொடுக்கும். போட்டோகொப்பிக் கடைக்காரர்கள் இதில் முந்திக்கொள்ள வேண்டியவர்கள். ஊரிலுள்ள அத்தனை டியூஷன் ஆசிரியர்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். கொப்பி அடிக்கும் வேலை நாளுக்கு நாள் குறைந்து வருவதையும் அவர்களே முதலில் காண்கின்றார்கள்.

கோப்பு திருடுபோவதைத் தடுக்க முடியுமா என்று கேட்டால், முழுமையாக முடியாது என்பதே உண்மை. வாங்கியவரின் பெயரையும் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டு அனுப்பினால் அவர் அதை மற்றக் குழுவுக்குத் தள்ளிவிடக் கொஞ்சம் யோசிப்பார். அதற்கு மேல் பொலிஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. திருட முடியாத ஒன்றைக் கோப்போடு சேர்த்துக் கொடுப்பதே கெட்டித்தனம். தாளைத் திருடலாம், ஆனால் ஆசிரியர் வாங்கியவர்களுக்கு மாத்திரம் வெள்ளிக்கிழமை இரவு அரைமணி நேரம் சந்தேகம் தீர்த்து வைத்தால் அதைத் திருட முடியாது.

பணம் பெறும் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. இப்போது வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் உடனே போய்ச் சேர்கின்றது. 2015 இல் வந்த ஏற்பாடு அது. ஆகவே பணம் அனுப்பிய சிலிப்பின் ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பிவிட்டுக் கோப்பைக் கேட்கின்றார்கள். அந்த ஸ்கிரீன்ஷொட்டைத் திருத்துவது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். பழைய சிலிப்பில் திகதியை மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கின்றார்கள். சிலிப்பைப் பார்த்து அனுப்பக் கூடாது, தனது கணக்கைப் பார்த்தே அனுப்ப வேண்டும். இன்னொன்று, சில்லறைத் தொகை. 100 ரூபாப் பொருளுக்கு வங்கிக் கட்டணம் 25, 30 ரூபா போனால் வாங்குகிறவர் அடுத்த முறை வரமாட்டார். ஐந்து தாள்களைக் கட்டாகச் சேர்த்து 400 ரூபாவுக்குக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. ஈசி கேஷ், எம்கேஷ் போன்றவற்றையும் லங்கா கியூஆர் அட்டையையும் வைத்திருந்தால் வங்கிக் கணக்கு இல்லாதவரும் வாங்குவார். வெளிநாட்டில் உள்ள எமது ஆட்களுக்கு விற்பதுதான் சிக்கலாக இருந்து வந்திருக்கின்றது. பேபால் மூலம் பணம் பெறும் வசதி இலங்கை வியாபாரிகளுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. கட்டாரில் இருக்கும் தகப்பன் ஊரிலுள்ள பிள்ளைக்குத் தாள் வாங்குவதென்றால் ஊரிலுள்ள தாயின் கணக்கிலிருந்தே பணம் வந்தது. எமக்கென்ன, பணம் வந்தால் சரி.

இந்தக் குழுக்களில் உலவும் இன்னொரு சரக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "15,000 ரூபாவுக்கு இந்த டிஜிட்டல் பாடநெறியை வாங்குங்கள். மறுவிற்பனை உரிமை உங்களுக்கே. மூன்று பேரைச் சேர்த்தால் போட்ட காசு திரும்பி வரும்." பாடநெறியைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கின்றது? இதே பாடநெறியை இன்னும் மூன்று பேருக்கு விற்பது எப்படி என்ற பாடம். பெயருக்கு ஒரு கோப்பை நடுவில் வைத்துவிட்டால் அது வியாபாரமாகிவிடும் என்று நினைக்கின்றார்கள். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றது. நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும் குற்றம். மத்திய வங்கி இவ்வாறான நிறுவனங்களின் பெயர்களைத் தொடர்ந்து அறிவித்தும் எமது ஊர்களில் கணவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் எத்தனை பேர்! அடையாளம் காண்பது கஷ்டமல்ல. நாளையிலிருந்து புதிதாக ஒருவரும் சேரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோப்பை அதன் பிரயோசனத்துக்காக யாராவது வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அது சரக்கல்ல. இவர்கள் வந்து போன குழுவில் நேர்மையான 200 ரூபாச் சரக்கையும் பிறகு ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மற்றொரு விடயம், நாம் நிற்கும் நிலம் யாருடையது என்பது. கெய்சர் வீதியில் கடை வாடகைக்கு என்றாலும் கையில் ஓர் உடன்படிக்கை இருக்கும். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் நாம் வாடகையும் கொடுப்பதில்லை, உடன்படிக்கையில் எமக்குச் சாதகமாக ஒரு வரியும் இல்லை. 2018 மார்ச்சில் திகன சம்பவங்களின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி ஊரடங்கு வேளையிலும் பல மணி நேரம் இயங்கவில்லை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி யாரும் தடை செய்யாமலே உலகம் முழுவதும் ஆறு மணி நேரமளவில் நின்றுபோனது. ஆகவே வாங்கியவரின் பெயரையும் இலக்கத்தையும், அவர் சம்மதித்தால், ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தாலும் குழு அழிந்தாலும் கொப்பி இருக்கும். குறுஞ்செய்தி அனுப்பலாம், அழைத்துப் பேசலாம். எமது வாப்பாமார் கடன் கொப்பியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது சும்மாவல்ல.

இதே இடங்களில்தான் எமது சமூகத்துக்கு எதிரான பேச்சும் பரவியது என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். திகனவில் நடந்தவற்றுக்குத் தமது தளம் பாவிக்கப்பட்டமைக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. 2019 மே மாதம் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அதற்கு முன்னும் பின்னும் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற செய்திகள் போனிலிருந்து போனுக்குப் பாய்ந்தன. கடை எரிந்தவர்களில் சிலர், எரிக்க முடியாத சரக்கு என்பதற்காகவே இந்த வியாபாரத்தை விரும்புகின்றார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கின்றது. கோப்பு எரியாது. ஆனால் பெயர் எரியும். ஒரு வாடிக்கையாளர் கோப்பு திறக்கவில்லை என்று குழுவில் எழுதும்போது, அவருக்கு உரத்த குரலில் பதில் எழுதினால் அந்தப் பதில் படமாகி எங்கெல்லாமோ போகும். அவர் மாற்று மதத்தவராக இருந்தால் அது ஒரு தனி மனிதரின் கோபமாக நின்றுவிடாது. 250 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதுவது மலிவு. சண்டை பிடித்து வெல்வது விலை கூடியது.

மாற்று மதத்தவரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகின்றேன். எமது இளைஞர்கள் தயாரிக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை தமிழில் மாத்திரமே இருக்கின்றன, அதிலும் எமது சமூகத்துக்கு மாத்திரமே பொருந்தும்படி இருக்கின்றன. இந்நாட்டில் நாம் நூற்றுக்குப் பத்தளவில்தான் இருக்கின்றோம். புறக்கோட்டை முதலாளிமார் சிங்களம் பேசாமல் கடை நடத்துவதைக் கற்பனை செய்ய முடியுமா? கடன் கொப்பி எக்செல் தாளுக்கு மதமும் மொழியும் ஏது? அதிலுள்ள இருபது தலைப்புகளைச் சிங்களத்தில் போட்டால் மாத்தறையிலுள்ள சில்லறைக் கடைக்காரரும் வாங்குவார், அனுராதபுரத்திலுள்ளவரும் வாங்குவார்.

பதிவு, வரி என்பவற்றைப் பற்றியும் சிலர் கேட்கின்றார்கள். சிறு தொகை என்பதற்காக இது வியாபாரமல்ல என்று ஆகிவிடாது. தொடர்ச்சியாக விற்கிறவர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்க அது வேண்டும். வருமான வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு உண்டு. இந்த வியாபாரத்தில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எல்லைக்கு வெகு கீழேயே இருப்பார்கள். ஆனாலும் வேறு வருமானம் உள்ளவர்கள் இதையும் சேர்த்தே கணக்குக் காட்ட வேண்டும்.

எம்மிடம் விற்க என்ன இருக்கின்றது என்று கேட்டவர்களுக்கு நான் கடைசியாக ஒன்றைக் காட்ட விரும்புகின்றேன். ஒரு கொள்கலனில் சரக்கு இறக்குகிறவர் சுங்கத் தீர்வை, துறைமுக விமானநிலைய அபிவிருத்தி வரி, செஸ், 2022 ஒக்டோபரில் வந்த இரண்டரை வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிய வற் வரி என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்துத்தான் ஒரு பொருள் தன் கடை வாசலுக்கு வரும்போது என்ன விலையாகின்றது என்று அறிகின்றார். எந்த வரி எதன் மேல் கணக்கிடப்படுகின்றது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறி, நட்டத்துக்கு விற்றுவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கின்றார்கள். முப்பது வருடம் இறக்குமதி செய்த முதலாளிக்கு அது மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல, கணனி படித்த அவரது மகளோ மகனோ அதை ஓர் எக்செல் தாளாகப் போட்டுவிடலாம். விலையையும் தீர்வை வீதத்தையும் இட்டால் அடக்கவிலை தானாக வரும். இறக்குமதியில் புதிதாக இறங்குகிறவர்கள் உள்ள ஒரு சிறு குழுவில் அதை 500 ரூபாவுக்குக் கொடுக்கலாம். எமது நாட்டில் வரி வீதங்கள் மாறாமல் இருந்த வருடம் எது? ஒவ்வொரு முறை வீதம் மாறும்போதும் வாங்கியவர்களுக்குத் திருத்திய தாள் போகும். யாரோ அனுப்பியதை வாங்காமல் வைத்திருப்பவரிடம் பழைய வீதம்தான் இருக்கும்.